கருங்காலி வீட்டுச் சூடு

ஆல்வின் ஹெப்பிள் தன் வாழ்நாளில் உடைத்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் பொழுது போய்விடும். சுரங்கத்துக்குள் பாறை, கிளப்பில் நாற்காலிகள், சொந்த அண்ணனின் மூக்கு, ஒரு போலீஸ்காரனின் தலைக்கவசம். ஆனால் கரிச்சுரங்க ஊரான எங்கள் ஹாக்கர்லா நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு தாடையைத்தான். அது பக்கத்து வீட்டு பெர்சி ரேய்னுடைய தாடை. நான் ஹில்டா. இருவருக்கும் எதிர்வீட்டுக்காரி. சுரங்கக்காரர் கிளப்பில் பாதி ஆயுள் பீர் ஊற்றியவள். எனக்கு வாய் நீளம் என்பார்கள், இருக்கட்டும், பொய் சொல்லமாட்டேன்.

எங்கள் மூன்றாம் தெருவில் வீடுகள் பக்கத்தோடு பக்கம் ஒட்டியவை. ஒரு வீட்டு அடுப்பின் பின்கல்தான் அடுத்த வீட்டு அடுப்புக்கும் பின்கல். ஆபத்து அவசரம் என்றால் கரி கிளறும் இரும்புக் கம்பியால் அந்தக் கல்லில் மூன்று தட்டு. அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு பதிலாக வரும், பின்னாலேயே ஆளும் வரும். ஆல்வினும் பெர்சியும் ஒரே குழியில், ஒரே கரிச்சுவரில், பக்கத்தில் பக்கம் படுத்து வெட்டிய கூட்டாளிகள். அந்தக் காலத்தில் தட்டுவதற்குள் ஓடி வந்துவிடுவார்கள்.

பிறகு அந்தப் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஒரு வருஷம் சம்பளமில்லை. போலீஸ் குதிரையில் வந்து எங்கள் ஆண்களின் மண்டையை உடைத்தது. நாங்கள் பெண்கள் கையில் கிடைத்ததை எறிந்தோம். கரி வெட்டுகிறவன் வீட்டிலேயே கரி இல்லை. கூத்தைப் பாருங்கள். பெர்சியின் அம்மா மாடியில் குளிரில் நடுங்கிக்கொண்டே கிடந்தாள். எல்லாம் முடியப்போகிற சமயத்தில், ஒரு காலையில், வேலைநிறுத்தத்தை மீறுகிறவர்களுக்குக் கம்பெனி விட்ட, ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பஸ்ஸில் ஏறி பெர்சி வேலைக்குப் போனார். சாயங்காலம் ஆல்வின் தெருமுனையில் காத்திருந்தார். ஒரே குத்து. பெர்சி விழுந்த பிறகும் பூட்ஸ் காலால் மிதித்தார். தாடை இரண்டு இடத்தில் போனது. "கருங்காலி! கருங்காலி நாயே!" என்று ஆல்வின் கத்தினது கிளப் வரைக்கும் கேட்டது. பெர்சியின் அம்மா அந்த வாரமே செத்துப்போனாள். சவ ஊர்வலத்துக்கு ஒரு கதவும் திறக்கவில்லை.

ஆல்வினுக்கு ஜெயில் கிடைத்தது, வேலை போனது. வேலையோடு, சாகும்வரை வீட்டு வாசலுக்கு இலவசமாக வரவேண்டிய கரியும் போனது. அடித்தவனுக்குக் கரி இல்லை, கருங்காலிக்கு உண்டு. அது சட்டமாம், வெங்காயச் சட்டம்! அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷம், லாரி வந்து பெர்சி வாசலில் கரியைக் கொட்டும். அந்தக் கரி சரியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆல்வின் வாசலில் வந்து முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்பார். பெர்சி தலையைக் குனிந்துகொண்டு அள்ளுவார். ஊரில் ஒருவரும் அவரிடம் பேசவில்லை. கிளப்பில் அவருக்கு ஊற்றக் கூடாது என்று தீர்மானம். அவர் பேரைக்கூட யாரும் வாயால் சொல்வதில்லை. கருங்காலி போறான், கருங்காலி வீடு, கருங்காலி நாய். அவ்வளவுதான்.

நான் சொல்லவந்தது அந்தப் பெரும்பனி விழுந்த குளிர்காலத்தை. சுரங்கம் மூடி ரொம்பக் காலமாகிவிட்டது. ஆல்வினுக்கு எழுபது தாண்டிவிட்டது, அவர் மனைவி ஐவிக்கும் அப்படியே. கைக்கு வருகிற பென்ஷனில் சாப்பிட்டால் குளிர வேண்டும், சூடேற்றினால் பட்டினி கிடக்க வேண்டும். மின்சாரத்துக்கு வீட்டில் சாவி மீட்டர். கடைக்குப் போய்ச் சாவியில் பணம் ஏற்றினால்தான் ஹீட்டர் கனலும். ஒருநாள் அது பட்டென்று அணைந்ததும் ஆல்வின் சுத்தியலை எடுத்து மீட்டரை அடித்து நொறுக்கிவிட்டார். கேட்க வந்த கம்பெனிக்காரனைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துச் சந்துமுனை வரை இழுத்துப்போய்ப் பனிக்குள் தள்ளினார். அப்புறம் அந்த வீட்டுக்கு விளக்கும் இல்லை.

பிறகு அடுப்பெரிக்க வீட்டையே தின்னத் தொடங்கினார். கோடாரியை எடுத்தார். மாடிப்படிக் கைப்பிடி போனது, உள்கதவுகள் போயின, ஐவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த அலமாரி போனது. ஒவ்வொரு வெட்டும் எனக்கு எதிர்வீட்டில் கேட்கும். கடைசியில் ஐவியின் கட்டிலும் நாற்காலியும் தவிர எரிக்க ஒன்றுமில்லை. ஐவிக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட்டால் விசில் அடித்தது. டாக்டர் வந்து பார்த்தவர் என் எதிரிலேயே சொன்னார்: "இந்த அறை சூடா இருந்தாத்தான் இவங்க வசந்தத்தப் பாப்பாங்க. இல்லைன்னா பாக்கமாட்டாங்க." ஆஸ்பத்திரிக்கு வா என்றால் ஐவி வரமாட்டாள். "அங்க போனவ எவ திரும்பி வந்தா?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் நான் சூப் எடுத்துக்கொண்டு போனேன். ஐவி தன் நாற்காலியை அணைந்த அடுப்புக்குள்ளேயே நுழைக்காத குறையாக இழுத்துப்போட்டு, முதுகைக் கல்லில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் இருந்தது. ஆல்வினுக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து பின்கல்லில் கை வைத்தார். நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்தார்.

"அடுப்பு அணைஞ்சு எத்தன நாளாச்சு? கல்லு எப்படிடீ சுடுது?"

"சுட்டா சுடட்டும். உனக்கென்ன?" என்றாள் ஐவி.

"அந்தக் கருங்காலி மூட்டுற தீ! அதுலயா குளிர் காயுற? எத்தன நாளா?"

"நீ அலமாரிய உடைச்ச நாள்ல இருந்து."

ஆல்வினின் கழுத்து நரம்பு புடைத்தது. விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய், தான் குழியில் பிடித்த பழைய கரிக்கோடாலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நகரு புள்ள! இந்தக் கல்ல இடிச்சு, நடுவுல மண்ணப் போட்டு அடைக்கிறேன். அவன் சூடு ஒரு துளி எனக்கு வேண்டாம்!" என்று ஓங்கினார். முதல் வெட்டில் அடுப்பின் ஓரத்து ஓடு தெறித்து என் காலில் பட்டது. நான் கத்தினேன், யார் கேட்டார்கள்!

ஐவி எழுந்தாள். எழ முடியாதவள் எழுந்தாள். கிளறும் கம்பியை எடுத்து அவர் மணிக்கட்டில் வைத்தாள் ஒரு வைப்பு. கோடாலி கீழே விழுந்தது.

"அவன் தாடைய உடைக்கிறப்ப என்னைக் கேட்டியா? வேல போச்சு, கரி போச்சு, நான் வாயத் தொறந்தேனா? உன் மானத்த நான் இருபத்தஞ்சு வருஷமாப் போத்திக்கிட்டுப் படுக்குறேன்டா, அது சூடா இல்லடா! இனி இந்தக் கல்லத் தொட்ட, அடுத்த அடி மண்டையில!"

சொல்லிவிட்டு இருமினாள், இருமினாள், ரத்தம் வரும்வரை இருமினாள். ஆல்வின் வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனார். அன்றிலிருந்து ஓவர்கோட்டும் தொப்பியுமாக மாடிப் பனிக்கட்டியில்தான் படுக்கை. கருங்காலிச் சூட்டில் கால் வைக்கமாட்டேன் என்று பிடிவாதம். மடையன்!

ஒன்றை மட்டும் நான் என் ஜன்னலிலிருந்து கவனித்தேன். பெர்சி வீட்டுப் புகைபோக்கியிலிருந்து அதற்குப் பிறகு ஒரு நேரமும் புகை நிற்கவில்லை. ஒற்றை ஆள், எலும்பும் தோலுமான கிழம், அவ்வளவு கரி எதற்கு? சண்டைச் சத்தம் அந்தக் கல் வழியாக அவருக்கும் கேட்டிருக்கும் அல்லவா?

பிறகு ஒரு சனிக்கிழமை புகை இல்லை. ஆண்கள் மேட்ச் பார்க்கக் கிளப்புக்குப் போகிற நேரம். ஆல்வின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, ஓடினேன். ஐவியின் உதடு நீலமாகியிருந்தது. கல்லில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

"தட்டு," என்றாள் ஐவி. அதற்கு மேல் பேச மூச்சில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்து நின்ற ஆல்வின் கம்பியை எடுத்தார். மூன்று தட்டு தட்டினார். பதில் இல்லை. மறுபடி மூன்று. ஓங்கி ஓங்கி அடித்தார், கம்பி வளைந்தது. பதில் இல்லை.

"வேணும்னே அணைச்சிருக்கான், பழி வாங்குறான்!" என்று சீறி, கோடாலியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார். பெர்சி வீட்டுக் கதவில் முதல் வெட்டு விழுந்தது.

"கருங்காலி! டேய் கருங்காலி! கதவத் தொறடா!"

தெருவே வெளியே வந்துவிட்டது. கிளப்புக்குப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தார்கள். ஒருத்தனாவது தடுத்தானா? கை தட்டினார்கள்!

"போடு ஆல்வின் மாமா! இன்னொரு தாடை பாக்கியிருக்கு!"

"இத்தன வருஷம் எங்க போச்சு இந்த வீரம்? வெட்டு, வெட்டு!"

எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் காரி கோலண்ட். வேலைநிறுத்தம் நடந்தபோது தொட்டிலில் கிடந்தவன். கட்டுமஸ்தான உடம்பு, காலியான மண்டை. பனிக்குள்ளிருந்து செங்கல் ஒன்றைப் பெயர்த்துக் கையில் வைத்திருந்தான்.

கதவு பிளந்தது. ஆல்வின் உள்ளே போனார், பின்னாலேயே நான். பெர்சி அடுப்புக்கு முன்னால் தரையில் விழுந்து கிடந்தார். இடுப்பு ஒடிந்து ஒரு கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கையில் கரி அள்ளும் கரண்டி அப்படியே இருந்தது. எப்போது விழுந்தாரோ, முகம் சாம்பலாக இருந்தது. கோடாலியோடு நிற்கிற ஆல்வினைப் பார்த்தார். கோணலாகச் சேர்ந்த அந்தத் தாடை அசைந்தது.

"அடிக்க வந்தியா? அடி. முதல்ல அடுப்பப் பத்த வச்சிட்டு அடி. ஐவி குளிர்ல கிடப்பா."

ஆல்வினிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்று சொல்ல அந்த மனிதர் விடமாட்டார். கோடாலியால் பெர்சியின் மேசையை ஒரே வெட்டில் பிளந்தார், முழங்காலிட்டுச் சிராயை அடுக்கினார். மேலே கரி வைத்து ஊதினார். தீ பிடித்தது. என் கழுத்தில் கிடந்த கம்பளியை எடுத்துப் பெர்சியின் மேல் போர்த்தினேன்.

அப்போதுதான் ஜன்னலை உடைத்துக்கொண்டு செங்கல் வந்தது. நேராக ஆல்வினின் புருவத்தில் பட்டது. கண்ணாடித்தூளும் ரத்தமும் அவர் முகமெங்கும் வழிந்தன. வெளியே ஆரவாரம். கருங்காலிக்கு விழுந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்!

ஆல்வின் ரத்தத்தைத் துடைக்கவில்லை. இன்னும் இரண்டு கரித்துண்டு வைத்துவிட்டு, எழுந்து பிளந்த கதவு வழியாக வெளியே போனார். தெரு கை தட்டி வரவேற்றது.

"ஆம்புலன்ஸ் கூப்புடுங்கடா," என்றார் ஆல்வின். "பெர்சி இடுப்பு ஒடிஞ்சு கிடக்கான்."

கை தட்டல் தயங்கியது. காரி கோலண்ட் சிரித்துக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தான்.

"யாரு பெர்சி?" என்று கேட்டான்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. அடுத்த தெருவில் பிறந்து வளர்ந்தவன், தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போனவன், அந்த மனிதருக்கு ஒரு பேர் இருக்கும் என்பதே அவனுக்குத் தெரியாது. அவன் பக்கத்தில் நின்ற பையன்களுக்கும் தெரியவில்லை. தெரிந்த கிழவர்கள் எல்லாரும் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆல்வின் காரியை அடித்தார். எழுபது தாண்டிய கைதான், வீங்கிய மணிக்கட்டுதான். ஆனாலும் அவன் மல்லாந்து விழுந்தான். அவன் மேல் ஏறி உட்கார்ந்து, "பெர்சி ரேய்ன்! சொல்லு! பெர்சி ரேய்ன்! என் கூட்டாளிடா! சொல்லுடா!" என்று அறைந்தார், அறைந்தார். அவன் வாய் உடைந்து அந்தப் பேரைச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். அதற்குள் நான் போன் செய்திருந்தேன்.

பனியில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகிவிட்டது. அதுவரை ஆல்வின், ஐவியைப் போர்வையோடு தூக்கிவந்து பெர்சியின் அடுப்பருகே உட்கார வைத்திருந்தார். ஐவி பெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு போகும்போது பெர்சி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கரி பின்கட்டுல இருக்கு, அணைய விடாத." ஆல்வின் அணைய விடவில்லை. ஐவி வசந்தத்தைப் பார்த்தாள், அதற்குப் பிறகும் சில வசந்தங்கள் பார்த்தாள். பெர்சி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தது நாங்கள் மூன்று பேர்தான். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

மறுநாள் ஆல்வின் வீட்டுக் கதவில் யாரோ வெள்ளைப் பெயின்ட்டால் பெரிதாகக் கருங்காலி என்று எழுதியிருந்தார்கள். துடைத்துவிடுகிறேன் என்று நான் வாளியோடு போனேன். ஆல்வின் வாளியைப் பிடுங்கி நடுத்தெருவில் எறிந்தார். செத்துப்போகும்வரை அந்த எழுத்து அப்படியேதான் இருந்தது. யார் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து உறுமல் கேட்கும்:

"எனக்குப் பேர் இருக்கு! பேரச் சொல்லித் தட்டு!"