நான் கேட்ட மழை

ஜெயபுரத்தில் நான் படிப்பிக்கும் வகுப்பில் நேற்று நாவல் பாடம். வெளியே மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது.

"ரீச்சர், கதையில வாற மழை மகளுக்குச் சந்தோசம், தகப்பனுக்குத் துக்கம். எது சரி?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

யுத்தகாலத்தில் மழை பெய்தால் குண்டு போடும் விமானங்கள் வருவது குறைவு. சிறுமியான எனக்கு மழை என்றால் அவ்வளவுதான்; பதுங்குகுழிப் பங்கருக்குள் ஓடாமல் பாயில் படுக்கலாம். ஒரு மாசி மாதம், பிள்ளையாரிடம் மழை கேட்டு அழுதேன். அன்று மாலையே கொட்டத் தொடங்கி, நாட்கணக்காக விடவில்லை. நான் முற்றத்தில் குதித்து நனைந்தேன். அப்பா வெட்டிப் போட்டிருந்த நெல் வயலிலேயே முளைத்துவிட்டது.

அம்மா வானத்தைத் திட்டினா. அப்பா முளைவிட்ட கதிர்களைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம், "விடுமப்பா. இவ்வளவு நாளும் பிள்ளை பயமில்லாமல் நித்திரை கொண்டவள்" என்றார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரு நேரம்தான் அடுப்பு எரிந்தது. இரவில் அப்பா தன் பங்குச் சோற்றை என் கோப்பையில் போட்டுவிட்டு, பசியில்லை என்பார். அது நான் கேட்டு வந்த மழை என்று அவர் சாகும்வரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரெண்டும் சரிதான், பிள்ளை" என்று சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.