நல்ல காய்ச்சல்

நெல்லுக்குக் காய்ச்சல் வர வேண்டும், மனிதனுக்கு வரக்கூடாது. எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அறுத்த நெல்லில் ஈரம் போய், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கும்போது டக்கென்று உடைந்தால் “நல்ல காய்ச்சல்” என்போம். பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தாலும் “நல்ல காய்ச்சல்” என்றுதான் சொல்வோம். கேட்கிற வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எது நெல், எது ஆள் என்று எங்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தோம். பெரிய நினைப்பு!

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ‘ஒரு சொல் பல பொருள்’ என்று பாடம் வந்தால், காய்தலைத்தான் எடுத்துக்கொள்வேன். துணி காய்கிறது. பட்டினி கிடந்தால் வயிறு காய்கிறது. நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து குளிர் காய்கிறோம். ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் பயிர் காய்ந்துவிடும், அது சாவு. அறுத்த பிறகு அதே நெல் காயாவிட்டால் அதுவும் சாவுதான். பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் குறுவை அறுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மிஷின் இறக்கி எப்படியோ அறுத்துவிட்டோம். என் வீட்டுக்காரர் நெல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய் கொள்முதல் நிலையத்தின் வாசலில் கொட்டினார். அங்கே ஈரம் பார்க்கிற கருவி ஒன்று வைத்திருப்பார்கள். ஈரம் கூடுதலாகக் காட்டினால் எடுக்கமாட்டார்கள். “காய வச்சுக் கொண்டாங்க” என்பார்கள். வானம் ஒழுகிக்கொண்டிருக்கும்போது எங்கே காயவைப்பது, தலையிலா?

அவர் அங்கேயே கிடந்தார். வெயில் எட்டிப்பார்த்தால் நெல்லை ரோட்டில் பரப்புவார். மேகம் கறுத்தால் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போடுவார். குவியலைச் சுற்றிக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. எலி செத்து மிதக்கிற தண்ணீர், அதில் வெறுங்காலோடு மண்வெட்டி பிடித்து வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார். செருப்பு போடச் சொன்னால், “சேத்துல செருப்பு நிக்குமா, டீச்சரம்மா?” என்று கிண்டல் செய்வார். வீட்டுக்கு வருவது குறைந்துபோனது. சாப்பாட்டைக் கொடுத்தனுப்பினேன். எனக்கு வீட்டில் மாடு, பள்ளியில் பரீட்சை. போனில்தான் குடும்பம் நடந்தது.

ஒருநாள் மதியம் இடைவேளையில் போன் செய்தேன். காலையிலிருந்து கொஞ்சம் வெயில் அடித்திருந்தது, அந்த நப்பாசை எனக்கு.

“என்னங்க, காய்ச்சல் எப்படி இருக்கு?”

அவர் கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது. பிறகு சொன்னார். “நல்ல காய்ச்சல்தான்.”

“அப்பாடா! இப்பதாங்க வயித்துல பால வார்த்தீங்க” என்றேன். “இனிமே ஒரு கவலையும் இல்ல. சாயந்தரம் வந்துடுவீங்கல்ல?”

“பாப்போம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கூட வேலை பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். திரும்பும் வழியில் அவருக்குப் பிடிக்குமே என்று ஜாங்கிரி வாங்கினேன். சாயந்தரம் அவர் வரவில்லை. எடை போடுகிற இடத்தில் கூட்டமாயிருக்கும் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் பக்கத்துக் குவியல்காரர் போன் செய்தார். “டீச்சர், உடனே வாங்க. சாருக்கு நேத்துலேருந்து உடம்பு கொதிக்குது. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. உங்களுக்குத் தெரியும்னாரே?”

ஆட்டோ பிடித்துப் போனேன். நெல் அங்கேயேதான் இருந்தது. அதன்மேல் சாய்ந்து, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கக் கையை ஊன்றினேன், கை நெல்லுக்குள் இறங்கியது. சொதசொதவென்று ஈரம், உள்ளே ஒரே சூடு, முளைகூட விட்டிருந்தது. அந்த நெல் ஒருநாளும் காய்ந்திருக்க முடியாது. நேற்று அவர் எந்தக் காய்ச்சலைச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, முதலிலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். அரைப் பகல், ஒரு ராத்திரி, அவ்வளவுதான் தவறியது.

அன்று மாலை கொஞ்சம் தெளிந்து கண் திறந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை.

“நான் நெல்லக் கேட்டேன். நீங்க உங்களச் சொல்லியிருக்கீங்க. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?”

“யாரோ எனக்கு முடியலன்னு உன்கிட்ட சொல்லிட்டாங்க போல, அதான் கேக்குறேன்னு நெனச்சேன். அப்பறம் நீ பேசுனதும் புரிஞ்சுது.”

“புரிஞ்சப்பறம் சொல்றதுக்கென்ன? ‘நெல்லுக்கில்ல, எனக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது, சிரிக்க வரவில்லை.

“நீ அப்படி சந்தோஷமாப் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! ராத்திரி வரைக்குமாவது அது இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

“போதும். பேசாம படுங்க” என்றேன்.

நான் சொல்லி ஒருநாளும் கேட்காத மனுஷன், அன்றைக்கு மட்டும் கேட்டார். மறுநாள் உயிர் போகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.