தட்டுகளுக்கு நம்பர் போட்டவன்

எல்.கே.ஜி. போகும் பேத்தியின் பொருள்களில் பெயர் ஒட்டச் சொல்லி, மருமகள் ஒரு ஸ்டிக்கர் தாளைக் கொடுத்தாள். டிபன் பாக்ஸ், மூடி, ஸ்பூன், தண்ணீர் பாட்டில் என்று பதினோரு பொருள்கள். "அடுத்த பிள்ளையோடதோட மாறிடக் கூடாது மாமா" என்று இரண்டு முறை சொன்னாள். மாறினால்தான் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. அப்படிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

நான் எண்ணுகிறவன். படியேறினால் படியை எண்ணுவேன், பந்தியில் உட்கார்ந்தால் இலையை எண்ணுவேன். "எண்ணி முடிச்சிட்டா சாப்பிடுங்க" என்பாள் மனைவி, இருந்தவரை. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் ஒன்றாம் வகுப்பு வாத்தியாராகச் சேர்ந்தபோது, பள்ளிக்கூடத்தை ஒட்டியே பால்வாடி இருந்தது. இருபத்தேழு பிள்ளைகள், இருபத்தேழு அலுமினியத் தட்டுகள். பருப்பு வேகும் வாசனை என் வகுப்புக்குள் வந்துவிட்டால், என் பிள்ளைகளுக்கு ஏழுக்கு அடுத்து எட்டு வராது. எனக்கும்தான்.

பால்வாடி நடத்திய மல்லிகா டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சாப்பிட்ட பிள்ளை தன் தட்டைக் கழுவக் கூடாது. பக்கத்துப் பிள்ளையின் தட்டைத்தான் கழுவ வேண்டும். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள்! தொட்டியடியில் ஒரே கூச்சல்.

"எதுக்கு டீச்சர் இந்தக் குழப்பம்?"

"அவுகவுக தட்டுன்னா நனைச்சுட்டு ஓடிருதுக சார். அடுத்ததோடதுன்னா நின்னு தேய்க்குதுக. நல்லா தேச்சியான்னு அது கேக்கும்ல."

ஊர்ப் பிள்ளைகளும் ஒதுக்குப்புறத்துக் காலனிப் பிள்ளைகளும் கலந்துதான் உட்காருவார்கள். ஒரு நாள் ஊர்க்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"எம் மக எதுக்குங்க காலனிப் புள்ள தட்டைக் கழுவணும்?"

"ஒங்க மக தட்ட நேத்து யாரு கழுவுனான்னு கேட்டீங்களாண்ணே?"

"அதையுந்தான் வேணாங்கிறேன்."

மறுநாள் எண்ணினேன். பதினெட்டு. ஊர்ப் பிள்ளைகள் ஒன்பதும் வரவில்லை. டீச்சர் அசையவில்லை. "பத்து நாள் பொறுங்க சார். களையெடுப்பு வருது. வீட்டுல வச்சு யாரு மேய்ப்பா? தானா கொண்டாந்து விடுவாக."

எனக்குப் பொறுக்கவில்லை. ஆள் குறைந்தால் மேலிடத்தில் பால்வாடியையே மூடிவிடுவார்கள் என்று பயம். நான்காம் நாள் டீச்சர் மீட்டிங் போயிருந்த நேரத்தில், சிவப்பு பெயிண்ட் வாங்கிவந்து தட்டுகளின் அடியில் நம்பர் போட்டேன். அவரவர் தட்டை அவரவர் கழுவட்டும், யாருக்கும் மனக்குறை இல்லை. "ஒன்னுலேருந்து ஒம்பது வரைக்கும் எங்க புள்ளைகளுக்குப் போட்ருங்க சார்" என்று, முன்கூட்டிச் சொல்லப் போனபோதே கேட்டிருந்தார் அந்த ஊர்க்காரர். வெறும் எண்தானே என்று போட்டேன்.

ஒன்பதும் திரும்பி வந்தன. "இருபத்தேழு டீச்சர்!" என்றேன், பரிசு வாங்கியவன் போல. அவர் ஒரு தட்டைப் புரட்டிப் பார்த்தார். "இது அழியாதுல்ல சார்?" என்றார்.

ஒரு வாரத்தில், யாரும் சொல்லாமலே பிள்ளைகள் நம்பர் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒரு மதியம் பதினான்காம் தட்டைக் காணவில்லை. அந்தத் தட்டுக்குரிய காலனிப் பெண்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். முன்பென்றால் ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிட்டிருப்பார்கள். அன்று யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. வராத பிள்ளையின் தட்டு ஒன்று சும்மா கிடந்தது. எடுத்து நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது மூணாம் நம்பரு சார். அடிப்பாக."

அந்த வருடமே டீச்சர் மாற்றல் கேட்டுப் போய்விட்டார். அந்தத் தொட்டியை இடித்துவிட்டார்கள். இப்போது ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக மஞ்சள் வேன் வருகிறது. பால்வாடியில் ஆறு பிள்ளைகள், ஆறும் காலனி. எந்தத் தட்டை யார் கழுவினாலும் கேட்க ஆளில்லை.

மாற்றலாகிப் போன சில வருடங்களில் டீச்சரை ஒருமுறை திருமயம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். புது ஊரிலாவது அந்த வழக்கம் பிழைத்திருந்தால் என் பாவக் கணக்கில் ஒன்று குறையுமே என்ற ஆசையில் கேட்டேன்.

"அங்கயும் மாத்தித்தான் கழுவுதுகளா டீச்சர்?"

"இல்லீங்க சார்" என்றார், பஸ் வரும் பக்கம் பார்த்தபடி. "போன அன்னிக்கே நம்பர் போட்டுட்டேன்."