அங்கே எங்களுக்குப் பேச்சில்லை

பெயிண்ட் கம்பெனியில் அந்தத் தலைமைக் கணக்கரை எல்லோரும் ‘பாதி சார்’ என்றுதான் சொல்வார்கள். கம்பெனிக்கு ஒரு டப்பாத் தொழிற்சாலையில் சரிபாதிக் கூட்டு. அது சம்பாதிக்கும் லாபத்தில் பாதியை, கைக்குக் காசு வந்தாலும் வராவிட்டாலும், கம்பெனிக் கணக்கில் சேர்த்துக் காட்டுவதுதான் முறை. அதை எல்லோருக்கும் விளக்கி விளக்கியே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்த வருஷம் டப்பாத் தொழிற்சாலை நஷ்டத்தில் விழுந்தது. லாபத்தில் பாதி என்றால் நஷ்டத்திலும் பாதிதானே. முதலாளி அவரை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“நஷ்டம் நம்ம கணக்குல ஏறினா பேங்க்காரன் முகத்தைத் திருப்பிக்குவான். ஒரு வழி சொல்லுங்க.”

வழி அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வினையாயிற்று. அங்கே எடுக்கும் முடிவுகளில் நமக்குப் பேச்சே இல்லை என்று காட்டிவிட்டால், பங்கை வெறும் முதலீடாக எழுதிக்கொள்ளலாம். பாதி நஷ்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. முதலாளி அங்கே தனக்கிருந்த இயக்குநர் பதவியைக் காகிதத்தில் விட்டார். தினமும் காலையில் அந்தத் தொழிற்சாலை மேனேஜருக்கு ஃபோனில் உத்தரவு போடுவதை மட்டும் விடவில்லை.

தணிக்கைக்கு வந்த பெண் கேட்டாள்: “நிஜமாவே உங்களுக்கு அங்க பேச்சில்லையா சார்?”

“இல்லம்மா.”

சொன்னது பாதி சார் ஆயிற்றே. அவள் மேலே கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் டப்பாத் தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்டையே நிறுத்தினார்கள். வேலை போனவர்கள் கம்பெனி வாசலுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவன் பாதி சாருடைய மனைவியின் தம்பி, அங்கே மெஷின் ஓட்டியவன். முதலாளி படியில் நின்று நிதானமாகச் சொன்னார்:

“எங்களுக்கு அங்க ஒரு பேச்சும் இல்லப்பா. வேணும்னா நம்ம கணக்கு சாரையே கேளுங்க.”

“அப்படியா மாமா?” என்றான் மைத்துனன்.

உங்க முதலாளி ஃபோன்லயே எங்க உயிரை எடுக்கிறார் என்று இவர் வீட்டில் சாப்பிட்டபடி சிரித்தவன் அவன். இவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“சரி மாமா. வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க.”

அந்த அக்கறை அவரைத் தோலுரித்துவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி சொன்னாள்: “தம்பி வந்துட்டுப் போனான். மாமாவால முடிஞ்சிருந்தா விட்டிருப்பாரான்னு நானே அவனுக்குச் சமாதானம் சொன்னேன்.”

மறுநாள் அவர் தணிக்கைக்காரப் பெண்ணின் அலுவலகத்துக்குப் போனார். “நான் சொன்னது பொய்ம்மா. அங்க ஒரு ஃபேன் வாங்கறதுன்னாகூட எங்க முதலாளியக் கேட்டுத்தான்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள். “உங்களை நம்பித்தான் சார் நான் விட்டேன்.” நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

கணக்கு திருத்தப்பட்டது, பாதி நஷ்டம் ஏறியது. பேச்சில்லை என்று இனிச் சொல்ல முடியாமல் முதலாளி ஆட்களோடு உட்கார்ந்து பேசினார். சிலருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மைத்துனனுக்குக் கிடைக்கவில்லை, லாரி ஓட்டப் போனான். இவரைக் கிடங்குக்குத் தள்ளினார்கள்.

மைத்துனன் இன்றும் வீட்டுக்கு வருகிறான், வாய் நிறைய மாமா என்கிறான். நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். வாசலில் பொய்க்குத் தலையாட்டியதை மனைவியிடம் சொல்ல இவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவனும் அக்காவிடம் சொல்லாமல் இருக்கிறானே, அதுதான் இவரை அரிக்கிறது.