சேற்றுக்கோட்டில் ஒரு முழ இடைவெளி

அன்று வந்த வெள்ளத்தை முதுகால் தடுத்து நிறுத்தியவள் நான். எங்கள் ஊர் நினைவு அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களிடம் இப்படித்தான் சொல்லி வந்தேன். கொஞ்சம் அளப்புதான், முதுகு மட்டும் நிஜம். நான் ஆரம்பித்தாலே, கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருப்பவள் துணியை உதறி, "பெரியம்மா, ஒரு அளவு வேணாமா?" என்பாள்.

துப்புரவு வேலை அவளுக்கு. ஜன்னல், கைப்பிடி, நாற்காலிக் கால் எதுவும் அவள் ஈரத்துணிக்குத் தப்பாது. சேறு அப்பிக் காய்ந்த தையல் மெஷினையும் ஒற்றைச் செருப்பையும் மட்டும் வாயால் ஊதுவாள். "இதுங்க குளிக்காத பிள்ளைங்க. குளிப்பாட்டினா என் சீட்டு கிழிஞ்சிடும்." பெரிய சுவரருகே போனால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அந்தச் சுவரில், தண்ணீர் நின்ற நெஞ்சுயரத்தில் ஒரு சேற்றுக்கோடு ஓடுகிறது. நடுவே ஒரு முழ நீளத்துக்குக் கோடு இல்லை. அங்கேதான் என் முதுகு நின்றதாகக் கதை. நிஜம் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். வெள்ளம் வடிந்து மாதக்கணக்கில் ஊரே ஒருவர் வீட்டுச் சேற்றை ஒருவர் துடைத்தது. அந்தக் கையோடு வேலைக்கு வந்தவள், முதல் நாளே சுவரையும் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். காட்சிப் பொருளைக் கெடுத்தவருக்கு அங்கே வேலை கிடையாது. படுக்கையில் கிடக்கும் கணவரும் அவளும் இந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அதனால் என் முதுகை இரவல் கொடுத்தேன்.

போன வாரம் பொறுப்பாளர் காகிதமும் பேனாவுமாக வந்தார். "அம்மா, உங்க முதுகுக் கதையைப் பித்தளையில வெட்டி அந்த இடத்துக்குக் கீழ பதிக்கப் போறோம். உங்க பேரும் போட்டுடலாமா?"

எனக்கு வாயெல்லாம் பல். அவளோ வாளியைக் கீழே வைத்தாள்.

"சார், பெரியம்மா அன்னைக்கு மொட்டை மாடியில நின்னு கத்திட்டு இருந்தாங்க. பக்கத்துல நின்னது நான்தான், காது இன்னும் அடைச்சிருக்கு. சுவரைத் தொடச்சதும் நான்தான். சேத்தைப் பாத்ததும் கை தானாப் போயிடுச்சு. பொய்யைப் பித்தளையில வெட்டாதீங்க சார். வெள்ளத்துல போனவங்க பேரெல்லாம் அதே பித்தளையிலதானே இருக்கு?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினாள். உள்ளங்கையால் அதை ஒருமுறை துடைத்து, அவருடைய காகிதத்தின் மேல் வைத்தாள்.