கோலின் பெயர்

ஐஸ்லாந்தின் மேற்கு விரிகுடாவில் ஒரு பண்ணை. அங்கே ஆடு கறந்தே கிழவியானவள் ஓத்னி. அவளுடைய ஒரே மகன் கோல் அதே பண்ணையில் கூலியாள். கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்துக்காக அண்டைப் பண்ணைக்காரர்கள் கோடரியோடு வந்த அன்று, முற்றத்தில் ஆறு பேர் விழுந்தார்கள். வாசலை மறித்து நின்று ஏழாவதாகச் செத்தவன் கோல். எஜமானின் அண்ணன் மகன் கெட்டில், சாணக்குழிக்குள் மூக்குவரை இறங்கி ஒளிந்திருந்தான். தொழுவத்திலிருந்து ஓத்னி இரண்டையும் பார்த்தாள்.

அங்கே வீரக்கதைக்குச் சாகா என்று பெயர்; சொல்லப்பட்டது என்றுதான் அதற்குப் பொருள். நடந்தது என்று யார் சொன்னார்கள்? சொல்கிறவன் வாயில் எது நின்றதோ அதைத்தான் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். பின்னால் கன்றுத்தோலில் எழுதுகிறவர்களும் அதைத்தான் எழுதுவார்கள். அதில் மகன் பெயர் வரவேண்டும், ஓத்னி வேண்டியது அவ்வளவுதான்.

கெட்டிலின் கல்யாண விருந்தில் கதைசொல்லி ஹால்பியோர்ன் அந்தச் சண்டையைச் சொன்னான். அவன் கதையில் வாசலை மறித்த வீரன் இப்போது மாப்பிள்ளை. செத்த ஆறு பேருக்கும் பாட்டன் பெயர்வரை சொன்னான். கடைசியில், "ஒரு கூலியாளும் செத்தான்" என்று முடித்தான்.

மோர் ஊற்றும் சாக்கில் ஓத்னி அவனிடம் போனாள்.

"ஐயா, அந்தக் கூலியாளுக்கு ஒரு பேரு இருக்கு. கோல். என் மவன். வாசல்ல நின்னது அவன்தான், உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதுக்காக, கல்யாணச் சோத்தைத் தின்னுட்டு மாப்பிள்ளைய சாணக்குழியில இறக்கச் சொல்றியா?" அவன் தாடியைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணு செய்யலாம். அந்தக் குழிய விட்டுட எனக்கும் மனசில்ல, சனங்க நல்லாச் சிரிக்கும். உன் மவனை அதுல இறக்கட்டுமா? பேரோட சொல்றேன். சிரிச்ச பேரை எவனும் மறக்கமாட்டான்."

"அது பொய்யாச்சே, ஐயா."

"அப்ப பேரு வேணாம். ஊத்து."

ஓத்னி ஊற்றினாள். பாவி மனசு, கேட்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் சொன்னான். கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் கெட்டில்.

"யாருங்க அந்தக் கோல்?" என்றாள் மணப்பெண்.

"ஒரு பேடிப்பய."

அந்த ஆறு பேரின் பெயர்களும் விரிகுடாவில் இப்போது யாருக்கும் சரியாக வராது. கோலை மட்டும் எல்லாருக்கும் தெரியும். சாணத்தில் வழுக்கி விழுகிற எவனையும், "எந்திரிடா கோலு!" என்றுதான் கத்துவார்கள்.

ஓத்னி இருந்தவரை, அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் கறப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.