வராத சீட்டு

ஊரைவிட்டு வந்து, திருவனந்தபுரத்தில் ஒரு மருந்துக் கடையின் கிடங்கில் வேலை பார்த்தேன். எந்த மருந்தாவது குறைந்தால், யாரும் எதையும் அமுக்காமலே பிரிண்டரில் ஒரு சீட்டு வரும். அதைக் கிழித்து மேலாளரிடம் கொடுப்பது என் வேலை.

கம்ப்யூட்டரில் மருந்துக் கணக்கெல்லாம் இருந்த பழைய டேட்டாபேஸை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். அதன்பின் சீட்டு வரவில்லை. நாலு நாள் கவனித்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் இன்சுலின் தீர்ந்தது. விழிஞ்ஞத்திலிருந்து கணவருக்காக வாங்க வந்த ஒரு அம்மா வெறுங்கையோடு போனார்.

டேட்டாபேஸை மாற்றும் வேலைக்கு வந்திருந்த பெண்ணிடம் மேலாளர், "நாளைக்கு வரவேண்டா" என்றார்.

"சார், ட்ரிக்கர் ஒண்ணு விட்டுப்போச்சு. என் தப்புதான்" என்றாள் அவள்.

நான் மேலாளர் முன்னால் போய் நின்றேன்.

"சார், சீட்டு வராதது எனக்கு நாலு நாளாத் தெரியும்."

"பின்னே ஏன் மிண்டாம, வாயைத் திறக்காம இருந்தே?"

மேலாளர் எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேருமா இருந்து இன்னைக்கே சரியாக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அண்ணா, தானா நடக்கிறதுக்கு எழுதி வச்சதுதான் ட்ரிக்கர். பழைய எழுத்து புதுசுல ஓடாது, மாத்தி எழுதணும். வேற என்னெல்லாம் தானா நடந்துச்சு?"

காலாவதியான மருந்துக்கு பில் போட விடாது என்றேன். இன்னும் ஐந்து சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றி எழுதினாள்.

அந்த ஊரில் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. சாயங்காலம் அறைக்கு வந்து விளக்கைப் போட்டேன். நடந்ததைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.